கையெழுத்துக்கு முன்

குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் தவறைத் தாமே ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாகக் குறைந்த தண்டனை பெறுவது குற்ற ஒப்புதல் பேரம். கோர்ட் வட்டாரத்தில் ப்ளீ பார்கெய்னிங் என்பார்கள். இந்தியாவில் இது 2006 ஜூலை 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 21-ஏ என்று ஓர் அத்தியாயத்தைச் சேர்த்து, 265-ஏ முதல் 265-எல் வரையான பிரிவுகளில் இதை வகுத்தார்கள். அதற்கு முன்பு உச்ச நீதிமன்றத்துக்கு இந்த வழக்கம் பிடித்ததே இல்லை. 1980இல் காசம்பாய் வழக்கில், இப்படிப் பேசி வாங்கிய ஒப்புதலை வைத்துத் தண்டிப்பது முறையல்ல என்று கண்டித்துத் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்குகள் தேங்கிக் கிடந்தன. சட்ட ஆணையம் 1991இல் கொடுத்த 142ஆவது அறிக்கையிலேயே இந்த முறையைப் பரிந்துரைத்தது. சட்டமாக வருவதற்கு மேலும் 15 ஆண்டுகள் ஆயின.

வந்த சட்டம் அமெரிக்க முறையின் நகல் அல்ல. அங்கே பேரம் என்பது முதன்மையாக அரசு வழக்கறிஞருக்கும் எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், வழக்கறிஞருக்கும் நடக்கிற பேச்சு. இந்தியச் சட்டம் பாதிக்கப்பட்டவரையும் அந்த மேஜைக்கு அழைக்கிறது. போலீஸ் வழக்கு என்றால் அரசு வழக்கறிஞர், விசாரணை அதிகாரி, எதிரி, பாதிக்கப்பட்டவர் ஆகிய நால்வருக்கும் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது 265-சி. ஏட்டில் இது பெரிய உரிமை. ஆனால் அந்த நோட்டீஸ் எதற்கு, போனால் என்ன கேட்பார்கள், ஒப்புக்கொண்டால் எதை இழக்கிறோம் என்பதைப் பாதிக்கப்பட்டவருக்கு யார் எடுத்துச் சொல்வது என்று அந்த அத்தியாயத்தில் எங்கும் இல்லை. நடைமுறையில் அந்த வேலை ஏ.பி.பி. எனப்படும் அரசு உதவி வழக்கறிஞர் தலையில் விழுகிறது. அவர் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. இரண்டும் எப்படி இருக்கும் என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டப் புள்ளலூரில் இரண்டு குடும்பங்களின் அனுபவம் சான்று. இரண்டுக்கும் துணைக்குப் போனவர் இதை எழுதுபவர். முதலாவது அவருடைய பெரியப்பாவின் வழக்கு.

புள்ளலூர் வரலாற்றுப் பாடத்தில் வருகிற ஊர். மகேந்திரவர்ம பல்லவனும் சாளுக்கியப் புலிகேசியும் மோதிய இடம் என்று சொல்லப்படுவது இதுதான். 1780 செப்டம்பரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளிடம் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை தோற்றதும் இங்கேதான். செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு எழுப்பிய நினைவுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. கேமராவோடு வருகிறவர்கள் அதைத்தான் தேடி வருகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அன்றாடம் தெரிந்த ஆபத்து வேறு. டிப்பர் லாரி.

2010க்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில், விடிவதற்கு முன், சொசைட்டிக்குப் பால் கேனோடு சைக்கிளில் போன பெரியப்பாவை ஒரு லாரி இடித்துத் தள்ளியது. வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 279, 338 பிரிவுகளில் வழக்குப் பதிவானது. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியது, அதனால் கொடுங்காயம் விளைவித்தது என்று அர்த்தம். ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். கேஸ் கோர்ட்டுக்குப் போனதும் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள், அப்போது வந்தால் போதும் என்றார்கள். அவர் காத்திருந்தார்.

கூப்பிடவே இல்லை. நஷ்டஈட்டு வழக்கு போட்டிருந்த வக்கீல், கிரிமினல் கேஸ் என்ன ஆனது என்று பார்த்து வரச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. ஓட்டுநர் பல மாதங்களுக்கு முன்பே கோர்ட்டில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த இரண்டு பிரிவுக்கும் சேர்த்து அன்று சட்டம் அனுமதித்த உச்ச அபராதமே 2,000 ரூபாய். பெரியப்பா கோபப்பட்டது தொகைக்காக அல்ல. “அவன் ஒத்துக்கிட்டான்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?” என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். கோர்ட் வராந்தாவில் அதற்குக் கிடைத்த பதில், “கேஸ் முடிஞ்சிடுச்சு பெரியவரே, ஊருக்குப் போங்க” என்பது மட்டும்.

அங்கே யாரும் சட்டத்தை மீறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சிறு வழக்கு விசாரணை இல்லாமல் முடிய மூன்று வழிகள் உண்டு. ஊர்க்காரர்கள் மூன்றையும் ஒரே வாயில் ராஜி என்றுவிடுவார்கள். உண்மையான ராஜி 320ஆம் பிரிவின்படி நடப்பது. அதைச் செய்துகொள்ளும் உரிமை காயம்பட்டவருடையது. அவர் இல்லாமல் முடியாது. இரண்டாவது, சம்மன் வழக்கில் எதிரி நடுவர் முன்பு ‘குற்றவாளிதான்’ என்று சொல்லிவிடுவது. 252ஆம் பிரிவின்படி நடுவர் அதைப் பதிவு செய்து அப்போதே தண்டிக்கலாம். இதற்கு அரசு வழக்கறிஞரின் சம்மதம்கூடத் தேவையில்லை, காயம்பட்டவர் உலகத்திலேயே இல்லாதவர் மாதிரி. பெரியப்பாவுக்கு நடந்தது இது. மூன்றாவதுதான் 21-ஏ அத்தியாயத்தின் பேரம்.

இந்த இரண்டாவது வழியில் எந்தச் சட்டமும் ஒரு அஞ்சலட்டை போடக்கூட யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தத் தகவலுக்கு ஒரு விலை இருந்தது. ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்ட தீர்ப்பின் நகல், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவருடைய அஜாக்கிரதையைக் காட்ட உதவும் சான்று. பெரியப்பாவின் நஷ்டஈட்டு வழக்கு, அந்த நகல் கையில் இல்லாமல் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருந்தது. அரசு வழக்கறிஞர் மேஜையில் இருந்த ஒரு காகிதம், சில கிலோமீட்டர் தள்ளி இருந்தவருக்குப் போய்ச் சேரவில்லை.

குற்றத்தை ஈடு கொடுத்துத் தீர்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வேட்டையில் குறி தவறி ஆளைக் கொன்றவன், சண்டையில் தெரியாமல் கொன்றவன் போன்றவர்கள் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்க வேண்டும் என்று தீர்த்த செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் காணலாம். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் கொடுப்பது பரவலான கணக்கு. விளக்கு கோயிலுக்கு. செத்தவன் வீட்டுக்கு என்ன கிடைத்தது, அவர்களைக் கேட்டார்களா என்பதைக் கல் பெரும்பாலும் சொல்வதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காகக் கொண்டாடும் மாவட்டத்தில் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது குடும்பத்தின் வழக்கு சில ஆண்டுகள் கழித்து வந்தது. இதில் சாவு. வேலை முடிந்து இரவில் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்த இளைஞர், சாலை வளைவில் லாரி ஏறி இறந்தார். வழக்கு 304-ஏ. அன்றைய சட்டப்படி உச்சத் தண்டனை இரண்டு ஆண்டு சிறை. ராஜிக்கு இடமில்லாத பிரிவு. ஓட்டுநர் குற்ற ஒப்புதல் பேரத்துக்கு மனுப் போட்டார். இறந்தவரின் மனைவிக்குக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. இறந்தவரின் சட்டப்படியான வாரிசையும் ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்த திருத்தம் 2009 டிசம்பர் 31இல் நடைமுறைக்கு வந்திருந்தது. அதனால்தான் அந்தக் காகிதம் அந்த வீட்டு வாசலுக்கு வந்தது. வீட்டில் அதைப் படித்தவர்கள், தங்கள் மேலேயே யாரோ கேஸ் போட்டுவிட்டார்கள் என்று பயந்துபோனார்கள். சட்டத் தமிழில் எழுதிய நோட்டீஸ் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் கோர்ட்டில் ஏ.பி.பி.யாக இருந்தவர் ஒரு பெண்மணி. பேரம் பேசும் கூட்டத்துக்குக் குறித்த நாளுக்கு முன்பே ஸ்டேஷன் ஏட்டு மூலம் குடும்பத்தை வரச் சொன்னார். மதியம் கோர்ட் கலைந்த பிறகு, வராந்தா பெஞ்சில் இறந்தவரின் அம்மாவையும் மனைவியையும் உட்கார வைத்து, தாமும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பேசியதை நினைவிலிருந்து எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்.

“மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா. நான் உங்க வக்கீல் கெடையாது, கவர்மென்ட் வக்கீல். உங்களுக்கு நல்லது நெனைக்கலாம், ஆனா உங்களுக்காக மட்டும் பேச முடியாது. உங்க பக்கம் பேச ஒரு வக்கீல் வேணும்னா சட்ட உதவியில இலவசமா கெடைப்பாங்க. அத கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.”

இந்தத் தொடக்கம் எவ்வளவு அவசியமானது என்பது சட்டத்தைப் புரட்டினால் தெரியும். போலீஸ் வழக்கில் எதிரி தன் வக்கீலோடு கூட்டத்துக்கு வரலாம் என்று 265-சி வெளிப்படையாகச் சொல்கிறது. தனிநபர் புகார் வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கும் அந்த உரிமையைச் சொல்கிறது. போலீஸ் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் வக்கீலைப் பற்றி மட்டும் பேச்சில்லை. நீதிமன்ற அனுமதியோடு அரசுத் தரப்புக்கு உதவியாக ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்ற வழி, 24ஆம் பிரிவின் ஒரு ஓரத்தில் இருக்கிறது. அது இருப்பது புள்ளலூரில் யாருக்குத் தெரியும்?

அடுத்து அவர் மனுவை எடுத்து வாசித்தார். வளைவில் கண் அசந்துவிட்டதாக ஓட்டுநர் அதில் எழுதியிருந்தார். அதுவரை அந்தக் குடும்பம் கேட்ட கதைகள் வேறு: பைக் குறுக்கே வந்தது, ஹெட்லைட் இல்லை, பையன் குடித்திருந்தான். இறந்தவரின் அம்மா அந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். ஏ.பி.பி. படித்துவிட்டு உடனே எச்சரித்தார்: “இத இங்க தெரிஞ்சிக்கலாம், அவ்ளோதான். பேச்சு முடியாம போச்சுன்னா, அவன் இந்த மனுவுல எழுதனத நாளைக்கு கேஸ்ல நான் காட்ட முடியாது. சட்டம் அப்படி.” 265-கே பிரிவு சொல்வது அதைத்தான். மனுவில் சொன்னது பேரத்துக்கு மட்டும்; வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள் என்பது நியாயம்தான். மகனைப் பறிகொடுத்தவருக்கு அது நியாயமாகப் படாது என்பதும் சரிதான்.

பிறகு தண்டனை. குறைந்தபட்சத் தண்டனை வகுக்கப்படாத குற்றம் என்பதால், பேரம் கூடினால் உச்சத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது ஆறு மாதம் வரை சிறை கொடுக்கலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியேயும் விடலாம். நடுவர் கையில் இருக்கிறது என்றார். 2000இல் தல்பீர் சிங் வழக்கில், கண்மூடித்தனமாக வண்டி ஓட்டி உயிரைப் பறித்தவர்களை நன்னடத்தையில் விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் விடுவது சந்தேகம் என்றும் சேர்த்துச் சொன்னார். கூட்டத்தில் ஒத்துக்கொள்ளும் தொகை ஒரு பக்கம், இன்ஷூரன்ஸ் கேஸ் இன்னொரு பக்கம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், அந்த வக்கீலைக் கேட்காமல் எந்தத் தாளிலும் தொகை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டாம் என்றார். கடைசியாக, இந்த வழியில் வரும் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. அரசியல் சட்டப்படி உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போவது மட்டுமே மிச்சம் என்பதையும் சொன்னார்.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நாங்க ஒத்துக்கலன்னா அவன விட்டுடுவாங்களா மேடம்?”

“விட மாட்டாங்க. கேஸ் விட்ட எடத்துலேர்ந்து நடக்கும். சாட்சி வரணும், நாளாவும். தண்டனை ஆவும்னும் நான் சத்தியம் பண்ண முடியாது, ஆவாதுன்னும் சொல்ல மாட்டேன்.”

ஒரு அரசு வழக்கறிஞர் பாதிக்கப்பட்டவரிடம் சொல்லக்கூடிய மிக நேர்மையான வாக்கியம் அதுதான். ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒரு வார்த்தை அவர் அழுத்தவில்லை. மேஜையில் கட்டுகள் குவிந்திருக்கும் ஒருவருக்கு ஒரு வழக்கு சீக்கிரம் முடிவது லாபம். அந்த லாபம் அவர் பேச்சில் எட்டிப் பார்க்கவில்லை.

பேரம் கூடவில்லை. கூட்டத்தில் ஓட்டுநர் தரப்பு ஒரு தொகை சொன்னது. நன்னடத்தையில் விடுவதாக இருந்தால்தான் தருவோம் என்றது. தீர்ப்புக்கு முன்னால் தண்டனையை உறுதி செய்து தர யாராலும் முடியாது என்றார் ஏ.பி.பி. இறந்தவரின் தம்பி தொகையை வாங்கிக்கொள்ளலாம் என்றார், அம்மா மறுத்தார், மனைவி எதுவும் சொல்லவில்லை. கூட்டம் முடிவு காணவில்லை என்று பதிவாகி, வழக்கு பழைய கட்டத்துக்கே திரும்பியது. சாட்சி விசாரணையில் ஓட்டுநர் எல்லாவற்றையும் மறுத்தார். கண் அசந்தது என்ற பேச்சே இல்லை. மற்ற சாட்சியங்களை வைத்து நடுவர் தண்டனை கொடுத்தார். ஓட்டுநர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போனார். பேரம் முடிந்திருந்தால் அந்த அப்பீல் வந்திருக்காது. இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டிருந்ததால் குடும்பம் இடிந்துபோகவில்லை. “அந்தம்மா சொன்ன மாதிரியே நடந்துச்சு” என்றார் அம்மா. காலை இழுத்து நடந்தபடி அந்த வழக்குக்கும் வந்து போன பெரியப்பா, தம் வழக்கைவிட இதைப் பற்றித்தான் பிற்காலத்தில் அதிகம் பேசினார்.

பேரம் இந்தியாவில் அபூர்வமாகவே நடப்பதற்கும் இந்தக் கதையிலேயே காரணம் இருக்கிறது. 2,000 ரூபாய் அபராதத்தோடு முடிகிற இன்னொரு கதவு திறந்திருக்கும்போதும், சாட்சிகள் காலப்போக்கில் பிறழ்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை இருக்கும்போதும், பாதிக்கப்பட்டவரின் எதிரே உட்கார்ந்து பேச எதிரிக்கு என்ன அவசரம்?

பெரிய நாடுகளிலும் இந்தத் தகவல் சொல்லும் கடமை சுலபமாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டின் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம், அரசு வழக்கறிஞரோடு கலந்து பேசும் உரிமையைக் கொடுத்தது. அதற்குப் பிறகும் 2007இல் ஃபுளோரிடாவில் ஜெஃப்ரி எப்ஸ்டைன் என்ற பணக்காரரோடு மத்திய அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடராமல் இருக்க ரகசிய ஒப்பந்தம் போட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி மாதங்கள் ஆன பிறகும், பாதிக்கப்பட்ட பெண்களுக்குப் பொறுமையாக இருக்கும்படி கடிதம் போனது. அது சட்டமீறல் என்று 2019இல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். குற்றச்சாட்டே பதிவாகாத நிலையில் அப்படித் தனி வழக்குப் போட இடமில்லை என்று 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவிட்டது. பேரம் எதுவானாலும் உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற வாசகம் அந்தச் சட்டத்தில் 2015இல்தான் ஏறியது.

இந்தியாவில் அப்படி ஒரு வாசகம் எழுத ஆள் இல்லாமல் இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15-ஏ பிரிவு அதைச் சுத்தமாக எழுதியிருக்கிறது. நீதிமன்ற நடவடிக்கை எதைப் பற்றியும் பாதிக்கப்பட்டவருக்கு நியாயமான, சரியான, உரிய நேரத்துத் தகவல் தரப்பட வேண்டும். சிறப்பு அரசு வழக்கறிஞரோ மாநில அரசோ தெரிவித்தாக வேண்டும். வன்கொடுமை வழக்குகளில் பேரத்துக்கு இடம் இல்லை. 2006 ஜூலையிலேயே மத்திய அரசு அந்தச் சட்டத்தை விலக்கிவிட்டது. பேரமே நடக்காத இடத்தில் சொல்லும் கடமை எழுதப்பட்டிருக்கிறது. பேரம் நடக்கும் இடத்தில் நோட்டீஸோடு நின்றுவிடுகிறது. 2022இல் லக்கிம்பூர் கேரி வழக்கின் ஜாமீன் பிரச்சினையில், வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தம் தரப்பைச் சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. தெரியாத கட்டத்தில் யார் போய் எதைச் சொல்வது?

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. பேரம் இப்போது 289 முதல் 300 வரையான பிரிவுகளில் இருக்கிறது. குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். பேச்சை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். முதல் முறை குற்றம் செய்தவர் என்றால் நாலில் ஒன்று ஆறில் ஒன்றாகக் குறையும். அஜாக்கிரதையால் சாவு விளைவிப்பதற்கான பொதுத் தண்டனை ஐந்து ஆண்டாக உயர்ந்திருப்பதால், பழைய கணக்கில் ஆறு மாதமாக இருந்தது முதல் குற்றவாளிக்குப் பத்து மாதம், மற்றவருக்குப் பதினைந்து மாதம் என்று ஆகிறது. புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று போலீஸ் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நல்ல மாற்றம். வழக்கை அரசு வாபஸ் வாங்குவதற்கு முன் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்பதும் அப்படியே. வக்கீல் வைத்திருந்தால் குற்றப்பத்திரிகை நகலும் கிடைக்கும். ஆனால் பேரத்தின் விளைவுகளை விளக்கிச் சொல்லும் கடமை புதிய சட்டத்திலும் யார் பெயரிலும் எழுதப்படவில்லை. காலக்கெடு வந்திருப்பதால், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பேசும் நேரமும் சுருங்கவே செய்யும்.

குற்ற வழக்குத் தொடர்வுத் துறை ஒரு சுற்றறிக்கையில் சரிசெய்யக்கூடிய குறை இது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாவது பாதிக்கப்பட்டவரைச் சந்திக்க வேண்டும், மனுவைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், தண்டனை, தொகை, அப்பீல் இல்லாமை, மறுக்கும் உரிமை ஆகியவற்றைச் சொன்னதாகப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று உத்தரவிட்டால் போதும்; நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. எதிரி நேராகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டும் வழக்குகளில் ஒரு எஸ்.எம்.எஸ். போதும்.

அதுவரை, இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் அதை எடுத்துக்கொண்டு நேரே தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இலவச வக்கீல் உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. கூப்பிடக் கட்டணம் இல்லை.